தங்கைக்கு நுரையீரல் வரை பரவிவிட்டது என்கிறார்கள், பிழைப்பாளா?

கேள்வி: என் தங்கைக்கு வயது 29. முதல் கர்ப்பம். மூன்றாம் மாத ஸ்கேனில் குழந்தை இல்லை, முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று சொல்லி, கருப்பையைச் சுத்தம் செய்தார்கள். அதன் பிறகு வாராவாரம் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை. 1,20,000 இருந்தது 46,000 ஆகி, 9,000 வரை இறங்கியது. அப்பாடா என்று இருந்தோம். அடுத்த வாரம் 11,500. அதற்கடுத்து 19,000. பிறகு 38,000. மார்பு எக்ஸ்-ரேயில் இரண்டு நுரையீரலிலும் சேர்த்து மூன்று இடத்தில் புள்ளி. கருப்பைக்குள் மூன்றரை சென்டிமீட்டர் கட்டி. இது புற்றுநோய், நுரையீரலுக்குப் பரவிவிட்டது, மூன்றாம் ஸ்டேஜ் என்றார் டாக்டர். அதே மூச்சில், "பயப்படாதீர்கள், ஊசியிலேயே குணமாகிவிடும், கருப்பையை எடுக்க வேண்டாம், பயாப்ஸியும் வேண்டாம்" என்கிறார். நுரையீரல் வரை போன புற்றுநோய் ஊசியில் போகுமா? பயாப்ஸி எடுக்காமலே எப்படிப் புற்றுநோய் என்கிறார்கள்? எங்களைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறாரோ? தங்கையிடம் 'கருப்பையில் புண்' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். அவளுக்கு இனிக் குழந்தை பிறக்குமா? நான் இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறேன். இது எனக்கும் வருமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் டாக்டர் பொய் சொல்லவில்லை. நீங்கள் எழுதியுள்ள விவரங்களை வைத்துப் பார்த்தால், உங்கள் தங்கை முழுவதும் குணமடைவார் என்றே எதிர்பார்க்கலாம். கருப்பையும் பத்திரமாக இருக்கும், பின்னாளில் பிள்ளை பெறும் வாய்ப்பும் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதை நீங்கள் நிதானமாகப் படிப்பீர்கள்.

மார்பகத்திலோ குடலிலோ தொடங்கி நுரையீரலுக்குப் போன புற்றுநோயை அக்கம்பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் முடிவையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்த நோய்களின் கணக்கை இந்த நோய்க்குப் போடக் கூடாது.

பொதுவாகப் புற்றுநோய் என்பது நோயாளியின் சொந்த செல்லில் முளைப்பது. இதுவோ கருவின் செல்லில் முளைப்பது. கரு உண்டானதும் அதன் ஒரு பகுதி குழந்தையாகிறது, இன்னொரு பகுதி நஞ்சாகிறது, அதாவது குழந்தையைத் தாயோடு இணைக்கும் நஞ்சுக்கொடி. நஞ்சின் மேலுறையில் ட்ரோஃபோபிளாஸ்ட் என்ற செல்கள் இருக்கின்றன. கருப்பைச் சுவருக்குள் ஊடுருவிப் போய், தாயின் ரத்தக் குழாய்களைத் திறந்து, குழந்தைக்கு ரத்தம் கிடைக்க வழி செய்வது இவற்றின் வேலை. நல்ல கர்ப்பத்தில் இந்த ஊடுருவல் ஓர் அளவோடு நின்றுவிடும். முத்துப்பிள்ளையில் தொடக்கமே பிசகுகிறது. முழு முத்துப்பிள்ளை என்றால், தாயின் மரபணு இல்லாத வெற்று முட்டைக்குள் விந்தணு நுழைந்து, பெரும்பாலும் அந்த ஒரே விந்தணுவின் மரபணுவே இரட்டித்துக்கொள்கிறது. குழந்தை உருவாவதில்லை, நஞ்சு மட்டும் நீர் கோத்து முத்து முத்தாகப் பெருகுகிறது. பகுதி முத்துப்பிள்ளையில் ஒரு முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் புகுந்துவிடும். 46 குரோமோசோம்கள் இருக்க வேண்டிய இடத்தில் 69 இருக்கும். இரண்டிலுமே பெண் சாப்பிட்டதோ, தூக்கிய பாரமோ, கணவரின் எந்தக் குற்றமோ காரணம் இல்லை. வீட்டில் யாராவது அப்படிப் பேச ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நுரையீரலுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. ரத்தக் குழாயைத் திறந்து உள்ளே போவது இந்த செல்லின் பிறவிக் குணம். கருப்பையிலிருந்து கிளம்பும் ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் வழியாக முதலில் போய்ச் சேருவது நுரையீரலுக்குத்தான். அதனால் பரவிய நோயாளிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு நுரையீரலில் புள்ளி தெரியும். சுமார் 30 சதவீதம் பேருக்கு பிறப்புறுப்புப் பாதையில் முடிச்சு வரும். கல்லீரலுக்கும் மூளைக்கும் போவது தலா 10 சதவீதம் அளவுக்குத்தான். நுரையீரல் புள்ளி இந்த நோயில் வழக்கமாகக் காண்பது. அது இருந்தால் நோய் மூன்றாம் ஸ்டேஜ் ஆகிறது, அவ்வளவுதான். கருப்பைக்குள் மட்டும் இருந்தால் முதல் ஸ்டேஜ். பிறப்புறுப்புப் பாதை, சினைப்பை போன்ற அக்கம்பக்க உறுப்புகளுக்கு வந்தால் இரண்டாவது. கல்லீரல், மூளை, சிறுநீரகம் என்று போனால் நான்காவது.

ஆனால் ஸ்டேஜை மட்டும் வைத்து இங்கே யாரும் வைத்தியத்தை முடிவு செய்வதில்லை. உலகம் முழுக்க ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. உங்கள் தங்கைக்கு அதை நானே போட்டுப் பார்த்தேன். வயது 40-க்குக் கீழ், அதற்கு 0. முந்தைய கர்ப்பம் முத்துப்பிள்ளை, 0 (கருச்சிதைவாக இருந்தால் 1, நிறைமாதப் பிரசவமாக இருந்தால் 2). அந்தக் கர்ப்பம் முடிந்து நான்கு மாதம் ஆகவில்லை, 0. எச்.சி.ஜி. 10,000-க்கும் ஒரு லட்சத்துக்கும் இடையில் இருப்பதால் 2. பெரிய கட்டி மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டருக்குள், 1. பரவிய இடம் நுரையீரல், அதற்கு 0. இந்த ஒரு பூஜ்யத்தைக் கவனியுங்கள். நீங்கள் தூக்கமில்லாமல் தவிக்கும் விஷயத்துக்கு இந்த நோயின் கணக்கில் மதிப்பெண்ணே கிடையாது. கல்லீரலோ மூளையோ என்றால் 4 போட்டிருப்பார்கள். புள்ளிகளின் எண்ணிக்கை நான்குக்குள், அதனால் 1. இதற்கு முன் கீமோ கொடுத்துத் தோற்றதில்லை, 0. கூட்டினால் 4. ஆறு வரை குறைந்த ஆபத்துப் பிரிவு. ஏழும் அதற்கு மேலும் அதிக ஆபத்துப் பிரிவு. ரிப்போர்ட்டில் 'மூன்று, நான்கு' என்று இரண்டு எண்கள் சேர்ந்து எழுதியிருந்தால் அது ஸ்டேஜும் மதிப்பெண்ணும். இரண்டாவது எண்ணைப் பாருங்கள்.

குறைந்த ஆபத்துப் பிரிவில், முறையாக வைத்தியம் பார்த்தால் ஏறத்தாழ எல்லோருமே குணமடைகிறார்கள். அதிக ஆபத்துப் பிரிவில்கூட, அனுபவமுள்ள மையங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள். உறுப்புகளுக்குப் பரவிய பிறகும் இவ்வளவு பேர் குணமாகும் புற்றுநோய்கள் அபூர்வம்.

பயாப்ஸி ஏன் வேண்டாம் என்கிறார்கள்? இந்தக் கட்டி முழுக்க ரத்தக் குழாய். ஊசியோ கத்தியோ பட்டால் நிறுத்த முடியாத அளவுக்கு ரத்தம் போகலாம். பிறப்புறுப்புப் பாதையில் நீலம் பாரித்த முடிச்சு ஏதாவது தெரிந்தால், அதைக் கிள்ளிப் பார்க்க யாரையும் விடாதீர்கள். அது மட்டுமல்ல, இங்கே பயாப்ஸிக்கு அவசியமும் இல்லை. எச்.சி.ஜி. ஹார்மோனைச் சுரப்பது இந்த செல்கள்தான். வேறு கர்ப்பம் இல்லாத நிலையில் அந்த எண் ஏறினால், செல்கள் பெருகுகின்றன என்று அர்த்தம். குறைந்தது இரண்டு வார காலத்தில் வாராவாரம் எடுத்த மூன்று அளவுகளில் தொடர்ந்து பத்து சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் போதும். அல்லது மூன்று வாரத்தில் எடுத்த நான்கு அளவுகளும் இறங்காமல் ஒரே இடத்தில் நின்றால் போதும். மறுபடி புதிதாகக் கர்ப்பம் தரிக்கவில்லை என்று ஸ்கேனில் உறுதி செய்துகொண்டு வைத்தியம் தொடங்கலாம். உங்கள் தங்கையின் 9,000, 11,500, 19,000, 38,000 என்ற வரிசையில் சந்தேகத்துக்கே இடமில்லை.

இந்த நோய் எவ்வளவு பேருக்கு வருகிறது என்பதையும் சொல்கிறேன். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சுமார் ஆயிரம் கர்ப்பங்களுக்கு ஒன்று முத்துப்பிள்ளையாக அமைகிறது. ஆசியாவின் சில பகுதிகளில் இது இரண்டு மடங்கு வரை பதிவாகியிருக்கிறது. 40 வயதுக்கு மேல் கர்ப்பமாகும் பெண்களுக்கும் பதின்வயதின் தொடக்கத்தில் கர்ப்பமாகும் சிறுமிகளுக்கும் வாய்ப்பு கூடுதல். முழு முத்துப்பிள்ளை வந்தவர்களில் நூற்றில் 15 முதல் 20 பேருக்கும், பகுதி முத்துப்பிள்ளை வந்தவர்களில் நூற்றில் ஒன்று முதல் ஐந்து பேருக்கும் அது உங்கள் தங்கைக்கு நேர்ந்ததுபோல் நோயாகத் தொடர்கிறது. இந்த நோய் வகைகளில் மிக வேகமாக வளரும் புற்றுநோய் கோரியோகார்சினோமா. மேற்கு நாடுகளில் அது சுமார் 40,000 கர்ப்பங்களுக்கு ஒன்று. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஆய்வுகளில் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். முத்துப்பிள்ளைக்குப் பிறகு எச்.சி.ஜி. பார்த்துக்கொண்டே வருவதால் நோய் சீக்கிரம் பிடிபடுகிறது. ஆனால் கோரியோகார்சினோமாவில் பாதிதான் முத்துப்பிள்ளைக்குப் பின் வருவது. ஏறக்குறைய கால் பங்கு கருச்சிதைவுக்கோ குழாய்க் கர்ப்பத்துக்கோ பிறகு வருகிறது. இன்னொரு கால் பங்கு, நல்லபடியாக நிறைமாதப் பிள்ளை பெற்ற பெண்களுக்கு வருகிறது. அந்தப் பெண்ணை யாரும் வாராவாரம் சோதிப்பதில்லை. கையில் கொழுகொழுவென்று ஆரோக்கியமான குழந்தை இருக்கிறது. அவளுக்கோ ரத்தப்போக்கு நிற்கவில்லை. பிரசவம் ஆனால் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். சில மாதம் கழித்து இருமலில் ரத்தம் வருகிறது. எக்ஸ்-ரேயில் புள்ளிகள் தெரிகின்றன. இளம் வயது, இருமல், ரத்தம் என்றதும் காசநோய் என்று எண்ணி மாத்திரை தொடங்கிவிடுகிறார்கள். இன்னொரு பெண்ணுக்குத் திடீரென்று வலிப்போ மூளையில் ரத்தக் கசிவோ வருகிறது. நரம்பியல் டாக்டரிடம் போகிறாள். இந்த இரண்டு பெண்களுக்கும் ஒரு துளி ரத்தத்தில் எச்.சி.ஜி. பார்த்திருந்தால் அன்றைக்கே விடை கிடைத்திருக்கும். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு நுரையீரலிலோ, கல்லீரலிலோ, மூளையிலோ எங்கிருந்து வந்தது என்று தெரியாத கட்டி இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது கர்ப்பப் பரிசோதனை. ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். எச்.சி.ஜி. லட்சக்கணக்கில் இருக்கும்போது, வீட்டில் சிறுநீரில் பார்க்கும் பட்டை சில சமயம் 'இல்லை' என்று காட்டி ஏமாற்றிவிடும். பிரசவமோ கருச்சிதைவோ ஆகி ஆறு வாரம் தாண்டியும் ரத்தப்போக்கு நிற்காத யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தச் சோதனையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கடைசிக் கர்ப்பத்துக்கும் நோய் தெரிய வந்ததற்கும் இடைவெளி நீள நீளத்தான் நிலைமை கடினமாகிறது. பிரசவத்துக்குப் பின் வருவதற்கு மதிப்பெண் கூடுதலாகப் போடுவதற்கும், கண்டுபிடிக்கத் தாமதமாவது ஒரு காரணம். கல்லீரலிலும் மூளையிலும் ஒருசேரப் பரவிய நிலையில் வரும் பெண்கள்தான் எங்களுக்கு இன்றும் பெரிய கவலை. மதிப்பெண் 13-ஓ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு முதல் நாளே முழு வீச்சில் கீமோ கொடுத்தால், கட்டி சட்டென்று கரைந்து உள்ளே ரத்தம் பெருகி, முதல் சில வாரங்களிலேயே உயிர் போகும் அபாயம் உண்டு. அதனால் இப்போது எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் இரண்டையும் குறைந்த அளவில் கொடுத்து மெதுவாக அடக்கிக்கொண்டு, பிறகு முழு வைத்தியத்துக்குப் போகிறார்கள். இந்த மாற்றத்தால் அந்த ஆரம்ப மரணங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. எந்த மருந்துக்கும் மசியாத சிலருக்கு பெம்ப்ரோலிசுமாப் போன்ற, உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்துகளும் பலன் தந்திருக்கின்றன.

அபூர்வத்திலும் அபூர்வமாக இன்னொரு வகை உண்டு: நஞ்சு ஒட்டிய இடத்தில் மெதுவாக வளரும் கட்டி. எச்.சி.ஜி. பெரிதாக ஏறாது, கீமோவுக்கும் அவ்வளவாக மசியாது. அதற்குக் கருப்பையை எடுப்பதுதான் முதன்மை வைத்தியம். கடைசிக் கர்ப்பம் முடிந்து நான்கு வருடத்துக்குள் கண்டுபிடித்தால் நல்ல பலன். அதைத் தாண்டினால் சிரமம். உங்கள் தங்கையின் எண்கள் ஏறும் வேகத்தைப் பார்த்தால் இது அந்த வகை இல்லை.

இனி அந்த 'ஊசி'. அதன் பெயர் மெத்தோட்ரெக்சேட். வழக்கமான முறையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று நான்கு ஊசி. இடைப்பட்ட நாட்களில் அதன் வீரியத்தைத் தணிக்க ஃபோலினிக் ஆசிட் மாத்திரை. இப்படி எட்டு நாள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இது திரும்ப வரும். இதில் முடி கொட்டுவது அரிது. வாய்ப்புண், கண் எரிச்சல், நெஞ்சுப் பகுதியில் மூச்சிழுத்தால் வலி, இவை வரலாம். வந்தால் அடுத்த சுற்றுக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சத்து மாத்திரை என்று நினைத்து ஃபோலிக் ஆசிட் (இது வேறு, ஃபோலினிக் வேறு) வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அது மருந்தின் வேலையைக் கெடுக்கும். தலைவலிக்கு என்று ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகளையும் தானாகப் போடக் கூடாது. மெத்தோட்ரெக்சேட் உடம்பை விட்டு வெளியேறாமல் தங்கிவிடும்.

ஒன்றை இப்போதே மனதில் போட்டு வையுங்கள். இந்த ஒரு மருந்திலேயே எல்லோருக்கும் முடிந்துவிடுவதில்லை. சிலருக்குப் பாதி வழியில் எண் இறங்காமல் நின்றுவிடும். அப்போது ஆக்டினோமைசின் என்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள், அல்லது ஐந்து மருந்துகள் சேர்ந்த 'இ.எம்.ஏ.-சி.ஓ.' முறைக்குப் போவார்கள். அதில் முடி கொட்டும், களைப்பும் அதிகம். ஆனால் மருந்து மாற்றியவர்களும் குணமாகிறார்கள். "முதல் மருந்து வேலை செய்யவில்லை" என்று ஒரு நாள் டாக்டர் சொன்னால், அன்றைக்கு வீட்டில் இழவு விழுந்ததுபோல் உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த நிலைமையும் சேர்ந்ததுதான் ஏறத்தாழ எல்லோரும் குணமாகிறார்கள் என்ற கணக்கு.

எண் இயல்புக்கு வந்த பிறகும் ஊசி தொடரும். இங்கேதான் பல குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. "எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு விஷத்தை ஏற்றுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு வராமல் நின்றுவிடுகிறார்கள். இயல்பு என்று நாம் சொல்லும் எல்லை, எச்.சி.ஜி. 5. அந்த அளவில்கூட உடம்பில் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் வரை நோய் செல்கள் உயிரோடு இருக்கலாம். அவற்றை ரத்தப் பரிசோதனை காட்டாது, ஸ்கேனும் காட்டாது. அவற்றைத் துடைத்தெடுக்கத்தான் இயல்புக்கு வந்த பிறகும் ஆறு வாரம், அதாவது மூன்று சுற்று, மருந்து கொடுக்கிறோம்.

இதை மருத்துவ உலகம் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை. 1950-களின் நடுப்பகுதி வரை, பரவிய கோரியோகார்சினோமா என்றால் அநேகமாக மரணம்தான். 1956-ல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் மெத்தோட்ரெக்சேட் கொடுத்து, நுரையீரல் முழுக்கப் பரவியிருந்த கட்டிகளைக் கரைத்துக் காட்டினார்கள். ரத்தப் புற்றுநோய் அல்லாத, கட்டியாக வளரும் ஒரு புற்றுநோய் பரவிய பிறகும் மருந்தால் மட்டுமே குணமானது அதுதான் முதல் முறை. லீ அத்தோடு நிற்கவில்லை. கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும், ஹார்மோன் அளவு முழுவதும் இறங்கும்வரை மருந்தைத் தொடர்ந்தார். நன்றாக இருக்கும் பெண்களுக்கு எதற்கு நச்சு மருந்து என்று உடன் இருந்தவர்கள் எதிர்த்தார்கள். அடுத்த வருடமே அவருக்கு அங்கே வேலை போயிற்று. ஆனால் அவர் விடாமல் மருந்து கொடுத்த பெண்களுக்கு நோய் திரும்பவில்லை. பாதியில் நிறுத்தியவர்களுக்குத் திரும்பியது. 1972-ல் லீக்கும் ஹெர்ட்ஸுக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கொடுத்தார்கள். கீமோவில் 'கட்டி போனாலும் மருந்தை முடித்தாக வேண்டும்' என்று இன்று எல்லாப் புற்றுநோய்க்கும் சொல்கிறோமே, அந்தப் பாடம் இந்த நோயில்தான் தொடங்கியது.

கருப்பையை எடுத்துவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடாதா என்று உறவினர்கள் கேட்பார்கள். நுரையீரலுக்குப் போன செல்கள் கருப்பையை எடுப்பதால் ஒழிந்துவிடப்போவதில்லை. ஊசி எப்படியும் போட்டாக வேண்டும். குழந்தைகள் போதும் என்று இருக்கும் பெண்ணுக்கு, நோய் கருப்பையோடு நின்றிருந்தால், அது ஒரு வழி. முதல் பிள்ளைக்காகக் காத்திருக்கும் 29 வயதுப் பெண்ணுக்கு அது அநியாயம்.

வைத்தியம் முடிந்த பிறகும் எக்ஸ்-ரேயில் அந்தப் புள்ளிகள் மாதக்கணக்கில் தெரியலாம். தழும்புதான். எண் இயல்பாக இருக்கும்வரை அதற்குப் பயப்பட வேண்டாம், அதை வெட்டி எடுக்கவும் வேண்டாம். மாறாக, இப்போது வைத்தியம் நடக்கும்போது அதிகமான ரத்தப்போக்கு, மூச்சுத்திணறல், விடாத தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, திடீர் வயிற்றுவலி இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

முடிந்தால் இந்த நோயை அடிக்கடி பார்க்கும் மையத்தில் காட்டுங்கள். பிரிட்டனில் 1973 முதலே முத்துப்பிள்ளை வந்த பெண்களைத் தேசிய அளவில் பதிவு செய்து, ரத்த மாதிரிகளை ஒரே முறையில் பரிசோதித்து, கீமோ தேவைப்படுபவர்களை லண்டன் சேரிங் கிராஸ், ஷெஃபீல்டு ஆகிய இரண்டே இடங்களில் குவித்துப் பார்க்கிறார்கள். உலகிலேயே மிகச் சிறந்த முடிவுகள் வருவதற்கு அது ஒரு பெரிய காரணம். அது முடியாவிட்டாலும் ஒன்று மட்டும் செய்யுங்கள்: எச்.சி.ஜி.யை எப்போதும் ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். கருவிக்குக் கருவி எண் மாறும். நாம் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை. கருவி மாறினால் அது குழம்பிவிடும்.

தங்கையிடம் மறைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் கருப்பையில் புண் என்று நம்பும் பெண், வாய்ப்புண் வந்ததும் ஊசி வேண்டாம் என்பாள். எண் நார்மல் ஆனதும் மீதி மூன்று சுற்றை விட்டுவிடுவாள். சீக்கிரம் ஒரு குழந்தை வேண்டும் என்று உடனே கர்ப்பமாகவும் பார்ப்பாள். இந்த மூன்றில் ஒவ்வொன்றும் அவள் உயிரோடு விளையாடுவது. அதுவுமில்லாமல், ஒரு கர்ப்பத்தை இழந்த துக்கம் அவளுக்கு இருக்கிறது. எல்லோரும் வேறு எதையோ கிசுகிசுக்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியாமலா இருக்கும்? டாக்டரின் அறையிலேயே, நீங்களும் அவள் கணவரும் பக்கத்தில் இருக்க, புற்றுநோய் என்ற சொல்லையும் குணமாகிவிடும் என்ற சொல்லையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அவளே கூட்டிப் பார்க்கட்டும்.

உங்களைப் பற்றிய கேள்விக்கு: அக்கா தங்கை என்பதால் உங்களுக்கு வாய்ப்பு கூடுவதில்லை. என்.எல்.ஆர்.பி.7 என்ற மரபணுக் கோளாறால் சில குடும்பங்களில் பெண்களுக்கு முத்துப்பிள்ளை திரும்பத் திரும்ப வருவதுண்டு, அது மிக மிக அரிது. ஒரே ஒரு முத்துப்பிள்ளையை வைத்து அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு ஒரு குழந்தை நல்லபடியாகப் பிறந்திருக்கிறது. தயங்காமல் முயற்சி செய்யுங்கள். இந்த நோய் தொட்டாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ, தாம்பத்தியத்தாலோ ஒட்டாது.

தங்கைக்குக் குழந்தை? பிறக்கும். மெத்தோட்ரெக்சேட் சினைப்பையைக் கெடுப்பதில்லை. ஐந்து மருந்து முறைக்குப் போனால்கூட மாதவிடாய் நிற்கும் வயது சில வருடம் முன்னால் வரலாமே தவிர, இந்த வயதில் கருத்தரிப்பதற்கு அது தடை ஆகாது. பிறக்கும் குழந்தைகளுக்கு ஊனம் கூடுவதாகவும் பார்க்கப்படவில்லை. ஆனால் வைத்தியம் முடிந்து ஒரு வருடம் கர்ப்பம் கூடாது. நோய் திரும்பினால் பெரும்பாலும் அந்த முதல் வருடத்துக்குள்தான் திரும்பும். அதற்குள் கர்ப்பமாகிவிட்டால் ஏறும் எண் குழந்தையாலா நோயாலா என்று பிரித்தறிய முடியாது. அந்த வருடம் முழுக்க மாதம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை. கருத்தடை மாத்திரை தாராளமாக எடுக்கலாம். கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி மட்டும் எண் இயல்புக்கு வரும்வரை வேண்டாம், துளைத்துவிடும் அபாயம் உண்டு.

அடுத்த கர்ப்பமும் முத்துப்பிள்ளையாக அமையும் வாய்ப்பு நூற்றில் ஒன்று அளவுதான். கர்ப்பம் உறுதியானதும் சீக்கிரமே ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்து, நஞ்சும் இயல்பாக இருந்தால் அந்தக் கவலை பெருமளவு தீர்ந்தது. பிரசவம் ஆனதும் நஞ்சைத் தூக்கிப் போடாமல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆறு வாரம் கழித்து ஒரு எச்.சி.ஜி. பார்க்க வேண்டும். பிரசவம் பார்க்கும் டாக்டர் புதியவராக இருந்தால் இது அவருக்குத் தெரியாமல் போகலாம். அதனால் இப்போதைய ரிப்போர்ட்டுகளை, ஸ்டேஜும் மதிப்பெண்ணும் எழுதிய தாள் உட்பட, ஒரு கோப்பில் போட்டு அன்றைக்குத் தங்கையின் கையில் கொடுத்து அனுப்புங்கள்.